ஒரே பெயரில் மூன்று பெரிய மனிதர்கள்

எங்கள் ஊரில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் பண்ணையார், இன்னொருவர் கட்சிக்காரர், மூன்றாமவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மூவருடைய வாரிசுகளும் எங்கள் தாத்தாவைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கையில் பொன்னாடையோடு நான் இருக்கும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். கடைசி வரை பொறுமையாகப் படித்தவர்கள் வேறு எதையாவது கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது ஒரு சாமி பெயர், நீடாமங்கலத்தைச் சுற்றி வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும் பெயர் என்று தெரிந்தால் போதும்.

அதே பெயர் என் அப்பாவுக்கும் இருந்தது. அவர் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். பெரிய மனிதர்கள் கணக்கில் அவரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால் நானும் மூன்று என்றே சொன்னேன்.

அப்பா பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வீட்டில் பெரிய குழப்பம் வந்ததாம். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. புருஷனுக்கும் ஆளுக்கும் ஒரே பெயராக இருந்தால், மாடு கட்டவும் விறகு பிளக்கவும் ஆளைக் கூப்பிடுவது எப்படி? பண்ணையாரின் தாயார் இதை ஒரே நொடியில் தீர்த்துவிட்டார். “என் மருமவ வாயால உன்ன எப்புடிடா கூப்புடுவா? நீ இன்னையிலேருந்து தவக்களை.” அது அடைமழைக் காலம். அப்பா சேறும் சகதியுமாகக் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் காரணம். மருமகளின் பதிவிரதைத்தனத்தைக் காப்பாற்ற ஒரு மனிதனைத் தவளையாக்கினால் போதும் என்று தெரிந்துவைத்திருந்த குடும்பம் அது.

மறுநாளே ஊர் முழுக்க அவர் தவக்களைதான். டீக்கடையில் தவக்களை, களத்துமேட்டில் தவக்களை. பள்ளிக்கூடத்தில் நான் தவக்களை மகள். எங்கள் தெருவில் அவருடைய பங்காளிகளே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அம்மாவாவது சொல்வாளா என்றால், அவளும் பெண்டாட்டிதானே. பண்ணையார் மனைவிக்கு உள்ள கட்டுப்பாடு அவளுக்கும் உண்டு. “ஏங்க”, “இந்தாங்க”, “புள்ளயோட அப்பா” என்று காலம் தள்ளினாள். சாமி பெயரும் அதுவே என்பதால் கோயிலுக்குப் போனால்கூட சாமியைப் பெயர் சொல்லிக் கும்பிட மாட்டாள். “அப்பனே” என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பண்ணையாரின் மேலத்தெருவில் கௌரவத்துக்காக யாரும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை. ஆக மொத்தம் என் அப்பாவின் பெயர் யார் வாயிலும் இல்லை.

இதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பெரிய மனிதர்களுக்கு வருகிறேன். பண்ணையாருக்குத் தன் பாட்டனார் பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது வழக்கம்தான், ஆனால் இவர் பாட்டனாரின் பெயரோடு அவருடைய பட்டத்தையும் சேர்த்தே சுமந்தார். மேலத்தெரு முனையில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டுப் பலகை. அதில் பெயர், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம், அதற்குப் பின்னால் தெரு. அந்தப் பட்டத்தின் எழுத்துகள் பெயரைவிடப் பெரியவை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சான், மாமனார், செத்துப்போன சித்தப்பா என்று எல்லார் பெயரிலும் நிலத்தை எழுதிவைத்தார். தொழுவத்தில் நின்ற மாடு கையெழுத்துப் போடத் தெரிந்ததாக இருந்திருந்தால் அதற்கும் ரெண்டு மா நிலம் கிடைத்திருக்கும். அவ்வளவு பெயர்கள் அவர் கைவசம் இருந்தன. ஒரு கூலிக்காரனுக்கு அவன் பெயரை விட்டுக்கொடுக்க மட்டும் மனமில்லை.

கட்சிக்காரர், பண்ணையில் காரியம் பார்த்தவரின் மகன். கட்சியில் சேர்ந்த புதிதில் வடமொழிப் பெயர் அடிமைச் சின்னம் என்று மேடை போட்டுச் சொல்லி, அதைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டார். புதுப் பெயர் நல்ல நீளம். சுவரில் எழுதினால் திரும்பி அடுத்த சுவருக்குப் போகும். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோதுதான் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. அடுத்த தேர்தலுக்குச் சத்தமில்லாமல் அடிமைச் சின்னத்துக்கே திரும்பி வந்து ஜெயித்துவிட்டார். அன்றைக்கு வெற்றி ஊர்வலத்தில் எங்கள் தெருப் பெண்களையும் நடக்க வைத்தார்கள். எல்லோரும் பெயரைச் சொல்லி வாழ்க என்றார்கள். அம்மா பெயர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு வாழ்க மட்டும் போட்டாள்.

தோழர் பக்கத்து ஊரிலிருந்து வந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர், ஏழெட்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி. நல்ல பேச்சாளர். மனிதனை மனிதன் மதிக்காத சமுதாயத்தைக் கொளுத்த வேண்டும் என்பார். எல்லாரையும் தோழர் என்றுதான் அழைப்பார். என் அப்பாவையும் அப்படித்தான் அழைத்தார், “தவக்களைத் தோழர்” என்று. அதில் அவருக்கு எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை. மற்ற இருவரையாவது இன்னார் என்று தெரிந்து வெறுக்க முடிந்தது. இவரை வெறுக்க எனக்குக் கொஞ்சம் படிப்பு தேவைப்பட்டது.

ஒரு குறுவை அறுவடையில் கூலி கூடக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பாவும் தோழரும் ஒரே வேனில் ஏறினார்கள். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அப்பா அடிபட்டதைப் பற்றியோ சோறு எப்படி இருந்தது என்பதைப் பற்றியோ பேசவில்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உள்ளார எல்லாரையும் பேரு சொல்லித்தாம்மா கூப்புடுறாங்க. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. நானும் உள்ளேன் அய்யான்னு சொல்லுவேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த மனிதனுக்கு நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், ஊருக்குள் நாலு பேர் நடுவில் ஒரு தடவை தன் பெயர் சொல்லித் தன்னை யாராவது கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றையிலிருந்து அவர் அதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். கூப்பிடுகிறேன் பார் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் தாலிக்கு ஆகாது என்று நம்பியவள் அவள்.

போராட்டத்துக்குப் பிறகு பண்ணையில் வேலை இல்லை. பஞ்சாயத்தில் வாய்க்கால் வெட்ட, சுண்ணாம்பு அடிக்க என்று கூப்பிட்டபோது அப்பா போனார். அந்தச் சமயத்தில்தான் தெருப் பலகைகளில் உள்ள சாதிப் பட்டங்களையெல்லாம் அழிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. கட்சிக்காரர் அப்போது பஞ்சாயத்துத் தலைவர். மேலத்தெருப் பலகையில் தார் பூச மேலத்தெருக்காரன் எவனும் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு டப்பா தாரையும் பிரஷ்ஷையும் அப்பா கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அடி விழுந்தால் யாருக்கு விழும் என்பதெல்லாம் யோசித்துச் செய்கிற ஆள் அவர்.

நான் தஞ்சாவூரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். என்னை அழைத்துப்போக வந்திருந்த அம்மா என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எதிரே பலகை. அப்பா பட்டத்தின் மேல் தாரைப் பூசி முடித்திருந்தார். பெயர் தனியாக நின்றது, பிறகு கறுப்பாக ஒரு பட்டை, அதற்கப்புறம் தெரு.

பண்ணையார் துண்டை உதறிக்கொண்டே வீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

“எவன்டா அது, என் பாட்டன் பேருல கைய வைக்கிறது?”

“பேருல வைக்கலீங்க. பின்னால உள்ளத மட்டுந்தான் அழிச்சேன். பஞ்சாயத்து பிரசண்டு சொன்னாங்க” என்றார் அப்பா.

“மொட்டையா நிக்குதேடா! வெறும் பேர வச்சிக்கிட்டு இது யாரு தெருன்னு எவனுக்குத் தெரியும்? பஸ்ஸுல போறவன் எந்தப் பயலோன்னுல்ல நெனப்பான். மொத்தத்தையும் அழி.”

பாட்டனார் பெயரே இல்லாமல் போனாலும் பரவாயில்லை, கண்டவன் பெயரோடு கலந்துவிடக்கூடாது. இதுதான் அவர் பாட்டனாருக்குக் காட்டிய பக்தி.

அதற்குள் கட்சிக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலை நடந்ததா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். வெள்ளைச் சட்டையும் தோள் துண்டுமாக, போட்டோ எடுத்துக்கொள்ளப்போகிறவர் போல வந்திருந்தார். “அரசாணையில பட்டத்தத்தான் அழிக்கச் சொல்லியிருக்கு. பேரு இருக்கட்டுமேங்க, நல்ல பேருதானே” என்று பலகையைப் பார்த்துச் சிரித்தார். வாயெல்லாம் பல். இன்னும் ஒரு வருஷத்தில் அந்தத் தெரு தன் பெயரில்தான் இருக்கிறது என்று ஊரை நம்ப வைத்துவிடலாம் என்ற கணக்கு அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

டீக்கடையிலிருந்து கிளாஸும் கையுமாகத் தோழர் வந்து சேர்ந்தார். “உழைக்கிற சனத்துக்காக ஜெயிலுக்குப் போனவன் பேருன்னு எடுத்துக்கிட்டாலும் பொருந்தத்தான் செய்யுது” என்றார். அவர் தன்னைத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மனிதனும் அதே வேனில் வந்தவன் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அழி என்றார் ஒருவர். அழிக்காதே என்றார் இன்னொருவர். அப்பா பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் நின்றார். தார் முழங்கை வரை வழிந்தது. பிறகு, யாரையும் பார்க்காமல், பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எம் பேரும் அதானுங்களே.”

பண்ணையார்தான் முதலில் சிரித்தார். “ஒம் பேரா? ஒம் பேரு தவக்களைடா.”

“தவக்களைத் தெருன்னு எழுதிப்புடலாம், விடுங்க” என்றார் கட்சிக்காரர்.

தோழருக்குச் சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டே சிரித்தார். பத்து வருஷமாகக் கூலியிலும் நிலத்திலும் ஓட்டிலும் எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். டீக்கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரிக்க முயற்சி செய்தார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அம்மா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மண்டை உடைகிற மாதிரி ஏதோ பேசப்போகிறாள் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் யாரையும் திட்டவில்லை. நாலு வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் அப்பாவின் பெயரைச் சொன்னாள். பாதி விழுங்காமல், கடைசி எழுத்து வரைக்கும் முழுசாகச் சொன்னாள்.

“வாங்க, வீட்டுக்குப் போவம்” என்றாள்.

பெயரைக் கேட்டதும் நான்கு தலைகளும் திரும்பின. பண்ணையார், கட்சிக்காரர், தோழர் மூவரும் கூலிக்காரி ஒருத்தி கூப்பிட்டதற்குத் திரும்பிவிட்டோமே என்று தெரிந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பண்ணையார் மனைவி வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா டப்பாவையும் பிரஷ்ஷையும் பலகைக்குக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்து எங்களிடம் வந்தார்.

வாய்க்கால் கரையில் வரிசையாக நடந்தோம். அம்மாவின் கை தாலியை இறுகப் பிடித்திருந்தது, அவள் பயந்துபோயிருந்தாள்.

“இன்னொருக்கா சொல்லு” என்றார் அப்பா.

“சும்மா வாங்க. புள்ள இருக்கா.”

மதகு வரைக்கும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மதகு தாண்டியதும் அம்மா என்னை முன்னால் போகச் சொன்னாள். நான் பத்தடி போவதற்குள் பின்னால் அந்தப் பெயர் கேட்டது, மெதுவாக. அதற்கு அப்பா, ஜெயிலில் சொன்ன மாதிரியே, “உள்ளேன்” என்றார்.