நூற்றிருபது நாள் சிலிண்டர்

கணபதி வட்டாரத்தில் எந்த வீட்டு அடுப்பு எந்தக் கிழமை அணையும் என்று சென்னியப்பனைக் கேட்டால் போதும், சோசியக்காரன் தோற்றுப்போவான். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் போடுகிற வேலை அவருக்கு. மூன்று சக்கர வண்டியில் எட்டு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு பதினொரு வருஷமாக மிதிக்கிறார். பேங்க்காரர் வீட்டில் ஒரு சிலிண்டர் இருபத்திரண்டு நாள் வரும். டாக்டரம்மா வீட்டில் ஒரு மாதம். வேளைக்கொரு பலகாரம் சுடுகிற மாடி வீட்டில் பதினெட்டு நாளைத் தாண்டினால் பெரிது. லட்சுமியம்மாள் வீடு ஒன்றுதான் அவருக்குப் பிடிபடாமலே இருந்தது.

பஞ்சு மில்லுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் ஏழாவது வீடு. தின்கிற வாய் ஐந்து. மில்லைப் பூட்டிய பிறகு ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போகிற புருஷன், மாமனார், கொழுந்தனார், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியா, அப்புறம் லட்சுமியம்மாள். இந்த ஐந்து பேருக்கும் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது தெரியுமா? நூற்றிருபது நாள்! ஒரு தடவை என்றால் ஊருக்குப் போயிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். இரண்டு வருஷமாக இதே கதை. காலி சிலிண்டரைத் தூக்கும்போதெல்லாம் சென்னியப்பன் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு சொட்டு இருக்காது.

தெருவில் அந்த அம்மாவுக்குக் கருமி என்று பெயர். சொல்கிறவர்கள் சொல்லட்டும், சென்னியப்பன் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். சிலிண்டரை இறக்கி வைத்ததும் வாய் திறந்து கேட்காமலே ஐந்து ரூபாயும் ஒரு சொம்பு மோரும் வருகிற வீடு அந்த லைனில் அது ஒன்றுதான். பேங்க்காரர் வீட்டில் இரண்டு ரூபாய்க்குப் பத்து நிமிஷம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

வியப்பை அடக்கி வைக்கத் தெரியாத மனுஷன். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆடி மாதம், குடோனில் லோடு ஏற்றும்போது சென்னியப்பன் வாயைத் திறந்துவிட்டார்.

"அஞ்சு பேரு திங்கற ஊடுங்க. நாலு மாசத்துக்கு ஒரு சிலிண்டரு! கேஸை அரிசி கண்ணுல காட்டியே சோறாக்கிப்போடறாங்களாட்ட இருக்குதுங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கதவோரம் நின்றிருந்த மேனேஜர் பாலகோபால் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் வேறு வேறு பெயரில் இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்களைக் கண்டுபிடியுங்கள் என்று மேலிடத்திலிருந்து அந்த வாரம்தான் அவருக்குத் தாக்கீது வந்திருந்தது. எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு போய் அந்த வீட்டு அட்டையை எடுத்துப் பார்த்தார். வருஷத்துக்கு மூன்றே சிலிண்டர். இந்த வீட்டில் இன்னொரு இணைப்பு ஒளிந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். பத்து நாளுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் இணைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று டைப் அடித்த கடிதம் மறுநாளே தயார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் சென்னியப்பன் தலையில்தான் விழுந்தது.

லட்சுமியம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"எட்டு வருசம் காத்துக் கெடந்து வாங்குன கேஸுங்ணா இது. அதுக்கு முன்னால வெறகும் மரத்தூளும்தான். இனியாவுக்கு மூச்சு எளப்பு. பொகை பட்டாப் போதும், நெஞ்சுக்கூடு உள்ள போயி வெளிய வரும். ரெண்டு தடவ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கறமுங்க. கேஸு வந்த பொறவு ஒருக்கா கூட இல்லீங்க. இதையப் புடுங்கிட்டுப் போனா எம்புள்ளைய நான் எங்க கொண்டுபோயி வெக்கறது?"

அடச்சே, இந்த வாயை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் எப்படித்தான் பிழைத்தோம் என்று சென்னியப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறைக்க மனம் வரவில்லை.

"நாந்தானுங்க அம்மணி சொல்லிப்போட்டேன். பெருமையாத்தான் சொன்னனுங்க. இப்பிடி ஆகும்னு நெனைக்கலீங்க."

லட்சுமியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். வசவு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார் சென்னியப்பன்.

"சரி, செஞ்சது செஞ்சுபோட்டீங்க. உங்க மேனேஜரை நாளைக்குப் பதினொரு மணிக்குக் கையோட கூட்டிட்டு வாங்க. எழுதிக் குடுத்தா நம்ப மாட்டாரு. கண்ணுல பாக்கட்டும்."

மேனேஜரை மசிய வைப்பது லேசாக இல்லை. "பொய்னா எம்பட வேலையத் தூக்கிப்போடுங்க சார்" என்று சென்னியப்பன் சொன்ன பிறகுதான் பாலகோபால் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வந்ததும் வராததுமாக வீட்டைத் துழாவ ஆரம்பித்தார் மேனேஜர். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பரண்மேல் டார்ச் அடித்தார். குளிக்கிற தடுப்பைக்கூட விடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மாமனார் அவிநாசிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயாயிற்று. நடு அறையில் சுவரோரம் ஒரு பழைய மரப்பெட்டி, மேலே கம்பளி போட்டு மூடியிருந்தது. பாலகோபாலின் கண் அதில் நிலைத்தது.

"இதுக்குள்ள என்னங்க?"

"அதுதானுங்க என்ற ரெண்டாவது கனெக்சன்" என்றார் லட்சுமியம்மாள்.

மேனேஜர் வேகமாகக் கம்பளியை இழுத்து மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு. பெட்டி நிறையப் பஞ்சு! மில்லில் ஆட்களுக்கு மலிவாக விற்ற கழிவுப் பஞ்சு, தலையணை தைக்க வாங்கியதாம். அதைப் பழைய சேலைத் துணியில் அடைத்து, நடுவில் ஒரு குண்டா உட்காரும் அளவுக்குக் குழி விட்டிருந்தார்கள்.

"உக்காருங்க, காட்டறேன். மணியப் பாத்துக்கோங்க."

அரிசியும் பருப்பும் காலையிலேயே ஊறிக் கிடந்தன. வெங்காயம், தக்காளி எல்லாம் நறுக்கித் தட்டில் தயார். வாசல் வெயிலில் கறுப்புத் தகரத்தின்மேல் கிடந்த பித்தளைத் தவலையிலிருந்து தண்ணீரை மொண்டு வந்தார், கையைச் சுடுகிற தண்ணீர். எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் தீக்குச்சியையே எடுத்தார். தாளித்து, வதக்கி, தண்ணீரை ஊற்றி, அரிசியையும் பருப்பையும் போட்டுக் கிளறிவிட்டார். தளதளவென்று கொதி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டார். மூடியை இறுக்கி அடுப்பை அணைத்தார். பாலகோபால் வாட்சைப் பார்த்தார். பதினொரு நிமிஷம்.

"இன்னும் வேகலீங்களே?"

"பஞ்சு சூட்டை வெளிய உடாது, அந்தச் சூட்டுலயே வேகும். நம்மளுக்கு வேற சோலி இல்லீங்களா?"

குண்டாவைத் துணியோடு தூக்கிப் பஞ்சுக் குழிக்குள் இறக்கினார். மேலே பஞ்சு மெத்தை, மூடி, கம்பளி. அவ்வளவுதான். கீரையை ஆய உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் இரண்டு ஆம்பிளைகளும் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அணைந்த அடுப்பு தன்பாட்டுக்குக் கிடந்தது. இது வேகவில்லை என்றால் நம் வேலை போகும், போகட்டும், அந்தப் புள்ளையின் மூச்சு என்னாவது என்று சென்னியப்பன் மனசுக்குள் புலம்பினார். குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

பன்னிரண்டரைக்கு லட்சுமியம்மாள் எழுந்து பெட்டியைத் திறந்தார். குண்டாவின் மூடியை எடுத்ததும் குப்பென்று ஆவி எழுந்து மேனேஜரின் கண்ணாடியை மூடியது. அரிசிம்பருப்புச் சோற்று வாசம் அறை முழுக்கப் பரவிற்று. அரிசி பொலபொலவென்று வெந்திருந்தது, பருப்பு விரலில் மசிந்தது. நம்பாமல் குண்டாவைத் தொட்ட பாலகோபால் விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார். சென்னியப்பனுக்குக் கைமயிர் கூச்செறிந்தது. தீயில்லாமல் ஒரு மணி நேரம்! ஆயிரம் அடுப்புக்குச் சிலிண்டர் போட்டவருக்கு அடுப்பைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

இரண்டு பேருக்கும் தட்டு வைத்து, நெய் ஊற்றிப் பரிமாறினார் லட்சுமியம்மாள். பாலகோபால் பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மா, தெனமும் இத்தனை பாடு எதுக்குங்க?"

"வர்ற காசுல வருசத்துக்கு மூணு சிலிண்டருதானுங்க வாங்க முடியும். நாலாவதுக்கு வழியில்லீங்க. தீந்துபோனா அன்னிக்கே வெறகடுப்பு. அதனால இருக்கறதை இழுத்துப் புடிக்கறேன். புக் பண்ணுனா நீங்க குடுக்கறதுக்கு இருவத்தஞ்சு நாளாகுது. அந்த இருவத்தஞ்சு நாளும் ஒவ்வொரு தடவ பத்த வெக்கறப்பவும், இன்னிக்கு அணைஞ்சுபோயிருமோ, இன்னிக்கு எம்புள்ளைக்கு மூச்சு நிக்குமோன்னுதான் கெடப்பனுங்க."

மேனேஜர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அந்தப் பஞ்சு இப்ப எங்கீங்க கெடைக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் லட்சுமியம்மாள் மறுபடி புக் செய்தார். காலையில் பதிந்தது, மத்தியானம் சென்னியப்பன் வண்டியோடு வாசலில் நின்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்ணா, இன்னிக்குத்தானே எழுதுனேன்? இருவத்தஞ்சு நாளு ஆகோணுமே?"

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து ஏஜென்சி அட்டையை எடுத்துக் காட்டினார். மேல் மூலையில் பாலகோபால் கைப்பட, சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இந்த வீட்டுக்குப் புக் செய்த அன்றே அனுப்பவும்.'

லட்சுமியம்மாள் அதைப் படித்துவிட்டு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எப்போதும்போல ஒரு சொம்பு மோரும் ஐந்து ரூபாயும் கொண்டுவந்து நீட்டினார். சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.