பொம்மையன் கடைக் கரண்ட்

திண்டுக்கல்லில் மைக் செட் வைத்திருந்த அருள்நாதனுக்குக் கட்சி கிடையாது. அந்தோணியார் சப்பரமோ அம்மன் பூச்சொரிதலோ, கூப்பிட்டவர்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். தெருமுனையில் கட்சிக் கூட்டமென்றால் மைக்குக்கும் டியூப்லைட்டுக்கும் பொம்மையன் டீக்கடையிலிருந்து வயர் இழுப்பார். பொம்மையன் ஒரு கட்சிக்காரர்தான்; ஆனாலும் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் மறுக்க மாட்டார். "யாரு கூட்டமா இருந்தா என்னடா, நமக்கு டீ ஓடுதுல்ல" என்பார்.

தொண்ணூற்றெட்டுத் தேர்தல் சமயம். அன்று சாயங்காலம் பேச வந்தவர் வெளியூர்க்காரர். முதலில் கைதட்டலுக்காகப் பேசினார். போகப் போக அடுத்த கட்சிக்காரர்களைப் பற்றி வார்த்தை தடித்தது. "அவனுக வீட்ல அடுப்பெரியலாமா? கடைய நடத்த விடலாமா? கை இருக்குல்ல உங்களுக்கு?"

முன்வரிசை ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அந்த அசிங்கத்தை ஊர் கேட்கச் செய்வது தன் குழாய்தானே என்று அருள்நாதனுக்கு உடம்பு கூசியது. கைக்கெட்டும் தூரத்தில் கடை வைத்திருந்த அடுத்த கட்சிக்காரர் பொம்மையன் ஒருவர்தான்.

சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். "ஏத்துய்யா!" என்று மேடையிலிருந்து அதட்டினார்கள். வேறு வழி தெரியவில்லை. யாரும் பார்க்காதபோது மேடைக்கடியில் குனிந்து, கடை வயரை இணைத்திருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கரண்ட் போய்விட்டதென்று கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர் நினைப்பு.

மேடை இருண்டது. தெருவிளக்கு எரிந்தது. டீக்கடை பல்பும் எரிந்தது.

"பொம்மையன் கரண்ட புடுங்கிட்டான்டா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"நான்தாய்யா புடுங்குனேன்! நான்தான்!" என்று அருள்நாதன் கத்தினார். மைக் இல்லாத அவர் குரல் அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அவசரமாகப் பிளக்கைச் சொருகி மைக்கைப் பிடித்தார். அதற்குள் கடைக்குள் புகுந்தவர்கள் சுவிட்சுப் பெட்டியோடு வயரைப் பிய்த்திருந்தார்கள். மைக் செத்துக் கிடந்தது. பாய்லர் உருண்ட சத்தமும் பொம்மையனின் அலறலும்தான் கேட்டன.

பேசியவர் அப்போதே கார் ஏறிவிட்டார். அவர் வீரம் மேடையோடு சரி.

மறுநாள் ஆஸ்பத்திரியில், வெந்த கைகளை அசைக்க முடியாமல் பொம்மையன் படுத்திருந்தார். அருள்நாதனைக் கண்டதும் அவர் கண் கலங்கியது.

"சத்தியமா நான் புடுங்கலடா அருளு. ஊரே என்னையத்தான் சொல்லுது. நீயாச்சும் நம்புறியா?"

"நம்புறேண்ணே."

நேற்று நான்தான் நான்தான் என்று தொண்டை கிழியக் கத்தியவருக்கு, கட்டில் ஓரத்தில் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.