6118ஆம் அறைக்குச் சொன்ன வார்த்தை

இது நடந்தது. கப்பல்காரர்கள் கரைக்கு வந்தால் கொஞ்சம் அளப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் உதயரூபன் அளக்கிற ஆள் இல்லை. ஒரே ஒருமுறைதான் சொன்னான், அதுவும் குனிந்த தலை நிமிராமல். நேரங்களை மட்டும் ஒரு நிமிடம் பிசகாமல் சொன்னான். நான் எதையும் கூட்டவில்லை.

அவன் வந்தாறுமூலைக்காரன். உல்லாசக் கப்பலில் பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை, ஏழு மாத ஒப்பந்தம். விமானம் ஏறும்போது மனைவி கம்சாயினிக்கு ஒரு மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது. இந்தப் பிள்ளையாவது உயிரோடு கைக்கு வரவேண்டும், அந்த நேரம் தான் பக்கத்தில் நிற்கவேண்டும். அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கடைசிப் பயணம் நூற்றுப் பத்து நாள். அவனுடைய பொறுப்பிலிருந்த 6118ஆம் அறையில் ஆல்மா என்ற வெள்ளைக்கார அம்மா இருந்தார். எண்பத்திரண்டு வயது, தனி ஆள். இடது கை வராது. தினமும் பிற்பகல் 3.40க்குத் தேநீருக்காக மின்சாரக் கேத்தலின் சுவிட்சைப் போடுவார். டிக். மணிக்கூடு தோற்றுப்போகும்.

கப்பலில் குளித்துத் துடைக்கிற துவாயைப் பறவைபோல மடித்துக் கட்டிலில் வைப்பது ஒரு வழக்கம். அந்த அம்மா அதையும் அவனிடம் பழகினார். ஒரு கையால் மடிப்பதால் அவருடைய பறவைக்கு எப்போதும் கழுத்து இடப்பக்கம் தொங்கிவிடும். கம்சாயினியின் வயிற்றை ஸ்கேன் எடுத்த படத்தைப் போனில் காட்டினான். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை ஒருநாள் நான் தூக்க வேண்டும்" என்றார்.

உங்கள் ஊரில் விடைபெறும்போது என்ன சொல்வீர்கள் என்று ஒருநாள் கேட்டார். "போயிற்று வாறன்" என்று சொல்லிக்கொடுத்தான். வெறுமனே போகிறேன் என்று சொல்லமாட்டோம், திரும்பி வருவோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வோம் என்று விளக்கினான். அவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு தினமும் இருவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

கரை சேர நான்கு நாள் இருக்கும்போது அந்த அம்மா தூக்கத்திலேயே இறந்துபோனார். உடலை அடித்தளத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோனார்கள். பயணிகளுக்குச் சொல்லவில்லை. மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் வழமைபோல நடந்தன. அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை உதயரூபன் தலையில் விழுந்தது.

அடுக்கி முடித்தான். கதவடியில் நின்று விளக்கை அணைத்தான்.

"போயிற்று வாறன், மேடம்."

நூறு நாள் பழக்கம். வாய் முந்திவிட்டது. செத்த வீட்டில் யாராவது இதைச் சொல்வார்களா? சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வருவதுதான் முறை. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருட்டறைக்குள்... டிக்.

கேத்தலைக் காலையிலேயே அவன் எடுத்துக் களஞ்சியத்தில் கொடுத்திருந்தான். மணி 3.40.

கடைசி நாள் விடிய 5.50க்கு உடல் கீழ் வாசலால் இறக்கப்பட்டது. பயணிகள் மேல் வாசலால் இறங்கினார்கள். ஏறினாலும் இறங்கினாலும் அங்கே ஆளாளுக்குக் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டவேண்டும். மெஷின் 'டிங்' என்னும், திரையில் அந்த ஆளின் முகம் வரும். அன்று காவலில் நின்றவன் அவனுடைய கூட்டாளி, ஓட்டமாவடி ஊரான் முனாஸ். 10.12க்கு உதயரூபன் அட்டையைக் காட்டினான்.

டிங்.

...டிங்.

முனாஸ் திரையைப் பார்த்தான். பிறகு உதயரூபனுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்ல. நீ போ. நல்லபடியா வீட்ட போய்ச் சேரு."

மறுநாள் காலை 11.20க்கு ஊருக்குப் பக்கத்துச் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினான். கம்சாயினி வீட்டு வாசலில் நின்றாள். வயிற்றில் அவன் கையை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு உதை. ஏழு மாதக் களைப்பும் அந்த ஒரு உதையில் போய்விட்டது என்றான்.

பிற்பகல் குசினியில் சத்தம்.

டிக்.

"கம்சா, கேத்தல் போட்டியா?"

"இல்லியே. நான் படுத்தெல்லா கிடக்கன்."

தண்ணீரே இல்லாத கேத்தல் சூடாகிக்கொண்டிருந்தது. மணி 3.40.

அடுத்த நாள் வயரைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டான். 3.40க்குக் குசினியில் நின்று பார்த்தான். டிக். வயரில்லாத கேத்தலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்றாம் நாள் கம்சாயினி அவனைக் கூப்பிட்டாள். பிள்ளைக்கென்று வாங்கி வைத்த புதுத் துவாய்களில் ஒன்று கட்டிலில் இருந்தது. பறவை.

"நீங்க செஞ்சதா? வடிவா இரிக்கி. கழுத்துத்தான் சரியில்ல."

கழுத்து இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஓம் என்றான். வேறென்ன செய்வான்? பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுக் கதை சொல்ல முடியுமா? அன்று பின்னேரம் தனியாக வாவிக்கரைக்குப் போனான். தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மேடம், நான் தெரியாமச் சொல்லிட்டன். போங்க. மறுகா வராதீங்க."

வாவி அசையாமல் கிடந்தது. வீட்டுக்கு வந்தான். கட்டிலில் இரண்டு பறவைகள் இருந்தன.

நான்காம் நாளும் டிக்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. கேத்தலைக் கிணற்றடியில் கல்லால் அடித்து நொறுக்கினான். குசினியில் நிலத்தில் குந்தினான்.

3.38.

3.39.

3.40.

சத்தம் இல்லை.

3.41.

ஒன்றும் இல்லை. ஊருக்கு வந்தபிறகு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய்விட்டார், போயே விட்டார் என்று நினைத்தான்.

அறைக்குள்ளிருந்து கம்சாயினியின் குரல்.

"இஞ்சாருங்க..."

"என்ன?"

"இப்ப ஆரு இஞ்ச போயிற்று வாறன் எண்டு சொன்ன?"

அவன் எழுந்தான். அறை வாசலுக்கு வந்தான்.

"பொம்புளக் குரல். தமிழ் தெரியாத ஆள் பேசுற மாதிரி, கொன்னையா இருந்திச்சி..."

"கம்சா..."

"பிள்ள அசையல்லங்க."

ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். நெஞ்சுத்துடிப்பு இல்லை என்றார்கள். பெண் பிள்ளை. எல்லாம் வளர்ந்திருந்தது, நகம்கூட. கம்சாயினி அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. துவாய்களை அவன் எரித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை 9.15. முனாஸின் அழைப்பு. கப்பலிலிருந்து. அவனுக்குப் பிள்ளையின் விசயம் தெரியாது.

"மச்சான், அண்டைக்கு உன்னப் பயங்காட்டக் கூடாதெண்டு சொல்லல்ல. நீ இறங்கக்குள்ள ரெண்டாவது டிங் அந்த ஆல்மாட அட்டை. செத்த அண்டே நிப்பாட்டின அட்டை. திரையில அவட முகம் வந்திச்சி. கரைக்கு இறங்கினதா பதிவு விழுந்திரிக்கி."

உதயரூபன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"மெஷின் கோளாறு எண்டு விட்டுட்டன். ஆனா செவ்வாய்க்கிழமை அவ திரும்பி ஏறினதா விழுந்திரிக்கி. நடுக்கடல் மச்சான்... வாசலே திறக்கல்ல."

"எத்தின மணி?"

"நம்மட ஊர் நேரம் மூண்டு நாப்பது."

முனாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொண்டு. 6118 பூட்டித்தான் கிடக்கு. புது ஆக்கள் ஒருத்தரையும் போடல்ல. ஆனா ஆள்கணக்கில அந்த அறைக்கு..."

"என்ன?"

"ரெண்டு பேர் எண்டு காட்டுது."