மேல் கீழ் இல்லாத போஸ்டர்

சீட்டுக்கட்டு ராஜாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எங்கள் அச்சகத்து ஓவியர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை போகப்போகிறவர் சிரிக்கிற நேரமா இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் அந்த அச்சகத்தில் நான் மெஷின் ஓட்டினேன். என் வயதுக்காரரான அவர் அச்சுக்கல்லில் படமும் எழுத்தும் வரைவார். நாடகமோ குஸ்தியோ, பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்தால் போதும் என்பது முதலாளியின் கட்சி. பார்த்தவன் நின்று யோசிக்க வேண்டும் என்பது ஓவியரின் கட்சி. நான் வாய் திறக்காமல் ஓவியர் கட்சியில் இருந்தேன்.

அந்த முறை வாடிப்பட்டிப் பயில்வானுக்கும் எழுமலைப் பயில்வானுக்கும் குஸ்தி. வாடிப்பட்டியார் பெயரை மேலே போட்டு, அவர் மற்றவரை அமுக்குவதுபோலப் படமும் வரைந்துவிட்டார் ஓவியர். எழுமலைக்காரர்கள் ஒன்று விடாமல் கிழித்தார்கள். மாற்றி அடித்தோம், வாடிப்பட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெயர் கீழே இருந்தால் கோதாவில் இறங்க மாட்டோம் என்று இரு பயில்வான்களும் சொல்லியனுப்பினார்கள். பழியெல்லாம் ஓவியர் தலையில் விழுந்தது.

"இன்னும் ஒரு தடவதான். இதுவும் கிழிஞ்சுச்சுன்னா நீரு வேற எடம் பாத்துக்கிரும்" என்றார் முதலாளி.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சீட்டாடும்போதுதான் அந்தச் சிரிப்பு.

"மாப்ள, இந்த ராசாவ எப்பிடித் திருப்புனாலும் தல மேலதாண்டா நிக்குது!"

சாயங்காலத்துக்குள் வரைந்துவிட்டார். நடுவில் ஒன்றையொன்று பிடித்த இரண்டு கைகள் மட்டும். மேலே ஒரு பெயர். கீழே மற்றது, தலைகீழாக. திருப்பினால் கீழே இருந்தவர் மேலே வந்துவிடுவார். எந்த ஊர் ஆளும் யாருக்கும் கீழே இல்லை. இன்றைய போஸ்டர்களில் தலைகளை எண்ணவே எனக்கு நேரம் போதவில்லை. அவர் வரைந்ததில் ஒரு தலைகூடக் கிடையாது.

ஒட்டிய மறுநாள் காலை இருவரும் பயந்துகொண்டே சுற்றிப் பார்க்கப் போனோம். வாடிப்பட்டி வண்டிகள் நிற்கும் இடத்தில் வாடிப்பட்டியார் மேலே. எழுமலை வண்டிகள் நிற்கும் இடத்தில் எழுமலையார் மேலே. ஒரு கிழிசல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காய்கறிச் சந்தைச் சுவரில் மட்டும் போஸ்டர் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பசைவாளியோடு நின்றவரிடம் ஓவியர் ஏனென்று கேட்டார்.

"ரெண்டு ஊருக்காரனும் வார எடம்ணே. யார மேல வைக்கிறது? அதான் படுக்கப் போட்டுட்டேன்."

ஓவியர் கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "எனக்குத் தோணலையே, மாப்ள" என்றார், சந்தோஷமாக.

அதை அப்படியே போய் முதலாளியிடமும் சொன்னார். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த வாரம் நாடகப் போஸ்டர் இருக்கு. வரையும்போது அந்த ஒட்டுறவரையும் பக்கத்துல வச்சுக்கிரும்."