வெட்டுப்பட்ட நுனிகள்

கல்குடா ஹோட்டல் தோட்டத்தில் கேட்டுப் பிடுங்கிவந்த அவுஸ்திரேலியச் செடி அது. புல் போலிருக்கும், புல் அல்ல. பூங்கொத்தின் முட்களைப் பார்த்து லொமாண்ட்ரா வகை என்று கண்டுகொண்டேன். எந்த இனம் என்பதை இலை நுனியின் பற்கள்தான் சொல்லும். தாளில் ஒட்டி, இனப்பெயர் எழுதி, மறுநாள் காலை பல்கலைக்கழக வளாகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

குளித்துவிட்டு வந்தால், பாய் இழைக்கப் பன்புல்லைச் சீவுவதுபோல அம்மா எல்லா நுனிகளையும் வெட்டியிருந்தார்.

"என்னத்துக்கும்மா வெட்டினீங்க?"

"நுனியோட ஆரு புள்ள பாய் இழைக்கிற?"

"பாய்க்கில்ல, படிப்புக்கு!"

முற்றத்துக் குப்பையைக் கிளறினேன். பாதியை ஆடு தின்றிருந்தது. அம்மாவும் குனிந்து தேடி, ஒரு நுனியை எடுத்தார்.

"இதென்ன, எலி கடிச்ச மாதிரி?"

பறித்துப் பார்த்தேன். மூன்று பற்கள், நடுவிலிருந்தது குட்டை. லொமாண்ட்ரா லோங்கிபோலியா இனமேதான். தாளில் ஒட்டி, பசை காயும்வரை விரலை எடுக்கவேயில்லை.