எல்லார் கையும் ஆடிய வீடியோ

ஸ்ரீநிவாஸுக்குத் தன் கையைப் பற்றிப் பெருமை அதிகம். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். டன் கணக்கான இரும்பை ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோய், சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் இறக்குவார். அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அந்தக் கை நடுங்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் பார்த்தார்.

மகள் பல்லவியின் வளைகாப்பு வீடியோ அது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி அவரே எடுத்தது. யூடியூபில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டுவிட்டு, சாப்பிட்டபின் ஆசையாகப் பார்க்க உட்கார்ந்தார். அட்சதை தூவ அவர் நீட்டிய கை வெடவெடவென்று ஆடியது. நிறுத்தித் திரும்ப ஓட்டினார். திரும்பவும் ஆடியது.

அவருடைய அப்பா காத்தவராயனுக்கும் கையில்தான் ஆரம்பித்தது. சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டை, கேஜை, இறக்கி ஏற்றிய மனிதர். முதலில் டம்ளர் பிடிக்க முடியவில்லை, அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கடைசியில் விழுங்கவே முடியவில்லை. ஸ்ரீநிவாஸும் தங்கை சுனிதாவும்தான் ஊட்டிவிட்டார்கள். இது பிள்ளைகளுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் பட்டும் படாமலும் சொன்னார். அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் அன்றிலிருந்து வாயே திறந்ததில்லை.

ஸ்ரீநிவாஸ் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பிடித்துப் பார்த்தார். ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது. பயந்தவன் கையில் எந்தத் தண்ணீர்தான் அசையாமல் நிற்கும்? நாளைக்குக் காலையில் கிரேன் ஏற வேண்டும். கீழே ஆட்கள் நடப்பார்கள்.

காபியோடு வந்த மனைவி கோவிந்தம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இன்னா இது? நான் வளையல் போடறேனா, பேயாடறேனா? ஆரத்தித் தட்டு கூட ஆடுது பாருங்க.”

அப்போதுதான் அவர் மற்றவர்களைப் பார்த்தார். கோவிந்தம்மாவின் கை ஆடியது. அவள் காத்தவராயனுக்குப் பிறந்தவள் இல்லையே. மேலே சுற்றிய ஃபேனும் ஆடியது. சுவரும் நாற்காலியும் மட்டும் அசையாமல் இருந்தன.

போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுக்கும், ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. எந்தப் பாதி முந்தியது என்று சாஃப்ட்வேருக்குத் தப்பாகச் சொன்னால், நகருகிற எதுவும் ஓரடி முன்னே போய் ஓரடி பின்னே வரும். அவரோ பழைய டேப் கேமராவுக்கு வைத்த செட்டிங்கிலேயே இதையும் ஓட்டியிருந்தார். டேப்பில் இரட்டைப்படை வரிகள் முதலில், இதில் ஒற்றைப்படை வரிகள் முதலில். அதை மாற்றி, இரண்டு பாதிகளையும் ஒழுங்காகச் சேர்க்கச் சொல்லி மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தார். ‘முதலில் போட்டது சரியில்லை, எடுத்துவிட்டு நல்லதைப் போடுகிறேன்’ என்று குழுவிலும் எழுதினார்.

புது வீடியோ எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. அவருடைய கை கிரேன் கொக்கியைப் போல நிதானமாக நீண்டு அட்சதை தூவியது. தன் கையை அவரே கொஞ்ச நேரம் ரசித்தார்.

பிறகு மூலையில் நாற்காலியில் இருந்த சுனிதாவைப் பார்த்தார். தினமும் மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறி, பெங்களூரில் கார்மென்ட்ஸில் தைக்கிறவள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கை ஆடியது. கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. யாரோ கிட்டே வந்ததும் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். அத்தனை பேரும் ஆடிய வீடியோவில் அது அவர் கண்ணில் படவே இல்லை.

செட்டிங்கில் இனி மாற்ற ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒருமுறை திறந்து பார்த்தார்.

போன் அடித்தது. சுனிதாதான்.

“அண்ணா, அத இன்னாத்துக்கு மாத்துற?”

“ஒரே ஆட்டமா இருந்துச்சும்மா. இப்ப சரி பண்ணிட்டேன்.”

“வேணாண்ணா. மொதல்ல போட்டதே இருக்கட்டும். அதுல எல்லார் கையும் ஆடுது.”

அவர் லேப்டாப்பை மூடினார்.

“வீட்லயே இரு,” என்றார். “நான் வரேன்.”