மொட்டைத் தலைகளுக்கு நடுவே என் மகள்

உலக யுத்தம் முடிந்த மறு வருடத்து ஆடிக் கிருத்திகை. திருத்தணிக் குளக்கரையில் என் நான்கு வயது மகள் வள்ளி காணாமல் போனாள்.

அன்பர்களே, நான் தாலுகா ஆபீஸ் சர்வேயர். சங்கிலி போட்டு அளக்க முடியாத எதையும் அதுவரை நான் நம்பியதில்லை. முருகனையும் அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தேன். மொட்டை வேண்டுதல் என் மனைவி அலமேலுவுடையது. அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் கூட வந்து, மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, மஞ்சள் துணி கட்டி என்னிடம் விட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள். ஒரு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தேன். குழந்தை இல்லை.

போலீஸ்காரரிடம் ஓடினேன். அடையாளம் கேட்டார்.

"சுருட்டை முடிங்க. நீலப் பாவாடை. இப்பத்தான் மொட்டை போட்டோம்."

"அது மொட்டைக்கு முன்னாடி சார். இப்ப எப்படிக் கீறா?"

திரும்பிப் பார்த்தேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கான குழந்தைகள். அத்தனையும் சந்தன மொட்டை, மஞ்சள் துணி. பக்கத்தில் குளம் வேறு.

ஈரப் புடவையோடு ஓடிவந்த அலமேலு, "உங்க வாயால ஒரு தடவ முருகனக் கூப்புடுங்க!" என்று கதறினாள்.

கூப்பிட்டேன். நடு வீதியில் நின்று, "முருகா, என் குழந்தையைக் கொடு" என்று அழுதேன்.

குழந்தை கடைவீதிக்குத்தான் போயிருக்கும் என்றது புத்தி. மலைக்குப் போ என்றது நெஞ்சு. வாழ்நாளில் முதல் தடவையாக நெஞ்சு சொன்னதைக் கேட்டேன். பாதிப் படியில் ஒரு கூட்டம் மயில் காவடிகளை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மொட்டைக் குழந்தைகள், எல்லாம் முதுகைக் காட்டி நின்றன. ஒரு முதுகைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. முகம் பார்க்கவில்லை. வாரி எடுத்துவிட்டேன்.

"மயிலு எறகு பாத்துகினு வந்துட்டேன் நைனா" என்றாள் வள்ளி.

அன்றே நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். மீசையும் போயிற்று. அலமேலுவே, "யாருங்க நீங்க?" என்று கேலி செய்தாள். வள்ளியோ கூட்டத்துக்குள் புகுந்து நேராக ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

வருடந்தோறும் மொட்டைத் தலையோடு ஆபீஸ் போகிறேன். சிரிக்கிறார்கள். நான் முன்னைவிட நிமிர்ந்து நடக்கிறேன். நிலத்தை இன்றும் சங்கிலி போட்டுத்தான் அளக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் சங்கிலி எட்டாத இடம் உண்டு என்று கண்டவன் நான். அங்கே நிற்கும் நாள் உங்களுக்கும் வரலாம். வெட்கப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதவிடாமல், இரட்டைப் பின்னலுக்கு ரிப்பன் கேட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள் வள்ளி.